பெருவிண்மீன்களைச் சுற்றும் கோள்கள்: கண்டறிதலும் ஐயமும் (1988–2025)

சுருக்கம்

சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் வரலாறு 1995இல் தொடங்குவதாக எழுதப்படுவது வழக்கம். மைய எரிபொருள் தீர்ந்து பருத்த பெருவிண்மீன்களின் திசைவேகத்தில் கோளின் அறிகுறி போன்ற அசைவுகள் அதற்கு முன்னரே பதிவாகியிருந்தன. அவற்றைக் கோள் என்று சொல்லத் தயங்கியமை, பின்னர் துணிந்தமை, துணிந்தவற்றுள் சிலவற்றைத் திரும்பப் பெற்றமை ஆகிய மூன்று நிலைகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறக்கோள், பெருவிண்மீன், ஆரத் திசைவேகம், காமா செபி, பொல்லக்ஸ், ஐயோட்டா டிராகோனிஸ், காமா டிராகோனிஸ்.

முன்னுரை

ரோகிணி, புனர்பூசம், சுவாதி என்னும் மூன்று நாண்மீன்களும் தமிழ் வாசகர்க்கு அறிமுகம் வேண்டாதவை. ரோகிணியின் முதன்மை விண்மீனை மேலைநாட்டார் ஆல்டெபரான் என்பர். புனர்பூசத்தின் ஒளிமிக்க விண்மீன் பொல்லக்ஸ். சுவாதி என்பது ஆர்க்டுரஸ். மூன்றும் வெறுங்கண்ணுக்கே செம்மஞ்சள் நிறம் காட்டுபவை. பெருவிண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உண்டா என்னும் வினா அறிவியல் உலகில் முதன்முதலாகக் கூர்மை பெற்றதும் இம்மூன்றின் வழியாகவே என்பது பலர் அறியாதது.

பெருவிண்மீன் என்பது தனி இனமன்று. விண்மீனின் வாழ்வில் ஒரு பருவம். மையத்திலுள்ள ஹைட்ரஜன் முழுவதும் ஹீலியமாக மாறியபின் கருவகம் சுருங்குகிறது. புறவடுக்குகள் விரிந்து குளிர்கின்றன. சூரியனின் ஆரத்தைப்போல் பொல்லக்ஸ் ஏறக்குறைய 9 மடங்கும், ஆர்க்டுரஸ் 25 மடங்கும், ஆல்டெபரான் 44 மடங்கும் பருத்துள்ளன. சூரியனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் இந்நிலையை எய்தும். ஆதலால் இத்தேடல் வேற்றுலகங்களைப் பற்றிய ஆர்வத்தோடு நின்றுவிடுவதில்லை. பருத்துக்கொண்டே வரும் விண்மீனின் அருகே ஒரு கோள் என்னவாகும் என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கோளை நேரே காண்பது அரிது. அதன் ஈர்ப்பால் விண்மீன் அசைவதையே வானியலார் அளக்கின்றனர். விண்மீன் நம்மை நோக்கி வருகையில் அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகுகையில் சிவப்பின் பக்கமும் நகரும். இவ்வழி கிடைப்பதே ஆரத் திசைவேகம். வியாழன் சூரியனை அசைப்பது நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் அளவில்தான். புவி அசைப்பது 9 சென்டிமீட்டர் அளவில். மனிதன் நடக்கும் வேகத்தையும் ஓடும் வேகத்தையும் பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் பிரித்தறிய வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், 1980களில் இதனை மேற்கொண்டோரின் துணிவு விளங்கும்.

காமா செபி: பின்வாங்கிய கண்டுபிடிப்பு

கனடா நாட்டு வானியலார் புரூஸ் கேம்ப்பெல், கோர்டன் வாக்கர், ஸ்டீவன்சன் யாங் ஆகியோர் ஹவாய்த் தீவின் மவுனா கீ மலையிலுள்ள 3.6 மீட்டர் கனடா–பிரான்ஸ்–ஹவாய்த் தொலைநோக்கியில் ஒரு புதிய உத்தியைக் கையாண்டனர். விண்மீன் ஒளியை ஹைட்ரஜன் புளோரைடு வாயு நிரம்பிய கலத்தினூடே செலுத்தினால், அவ்வாயுவின் கோடுகள் விண்மீனின் நிறமாலை மீதே அளவுகோலாகப் பதியும். கருவி சற்று அசைந்தாலும் விண்மீனின் கோடும் அளவுகோலும் சேர்ந்தே அசையும், பிழை நீங்கும். அவ்வாயு நச்சுத்தன்மையும் அரிக்கும் தன்மையும் உடையது. பின்வந்தோர் அதனை விடுத்து அயோடின் ஆவியை ஏற்றனர்.

1988இல் இம்மூவரும் வெளியிட்ட ஆய்வில் காமா செபி என்னும் விண்மீனின் திசைவேகம் ஏறத்தாழ 2.7 ஆண்டுக் காலவட்டத்தில் ஏறி இறங்குவது காட்டப்பட்டது. வியாழனையொத்த துணை ஒன்று இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆயினும் 1992இல் வாக்கர் குழுவினரே அக்கருத்தினின்று பின்வாங்கினர். அன்றைய வகைப்பாட்டில் காமா செபி ஒரு பெருவிண்மீன். பெருவிண்மீன் மெதுவாகவே தன்னைத்தான் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஆண்டுகள் ஆகலாம். மேற்பரப்பில் கரும்புள்ளிகள் இருப்பின், அவை சுழன்று வரும்போது நிறமாலைக் கோடுகளின் வடிவைத் திரித்து, இல்லாத அசைவை இருப்பதுபோற் காட்டும். கால்சியக் கோடு ஒன்றின் வலிமையும் ஆண்டுக் கணக்கில் மாறியமை இவ்வையத்தை வலுப்படுத்தியது.

2003இல் ஆர்ட்டி ஹாட்சஸ், வில்லியம் காக்ரன் முதலியோர் வாக்கர் குழுவினரையும் சேர்த்துக்கொண்டு, 1981 முதல் 2002 வரையிலான அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். திசைவேகத்தின் காலவட்டம் 906 நாள். இருபதாண்டுக்கு மேலாக அது தாளம் தவறவில்லை. கால்சியக் கோட்டில் அக்காலவட்டம் இல்லை. இடைக்காலத்தில் விண்மீனின் வகைப்பாடும் திருந்தியிருந்தது: அது முழுப் பெருவிண்மீன் அன்று, அப்பருவத்தின் வாயிலில் நிற்கும் துணைப்பெருவிண்மீன். அதன் ஆரம் சூரியனைப்போல் ஏறக்குறைய 5 மடங்கே. அவ்வளவு சிறிய உடல் சுற்றிவர 900 நாள் எடுத்துக்கொள்ளும் என்பது பொருந்தாது. எனவே கோள் உறுதியாயிற்று.

இந்நிகழ்வை ஒரு வாய்ப்பிழப்பாக எழுதுவோர் உளர். 1995இல் மிஷேல் மேயோர், டிடியே குவெலோ இருவரும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்து, 2019இல் நோபல் பரிசும் பெற்றதை நோக்க அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் 1992இல் கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால் பின்வாங்கியது பிழையன்று. 51 பெகாசியின் கோள் 4.2 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. ஒரு மாதத்தில் ஏழு சுற்றுகளைச் சரிபார்த்துவிடலாம். காமா செபியில் ஏழு சுற்றுகளுக்குப் பதினேழு ஆண்டுகள் வேண்டும். காலமே சான்றாக வேண்டிய இடத்தில் அன்று காலம் போதவில்லை.

மூன்று நாண்மீன்கள்

1989இல் வாக்கரும் உடன்பணியாளரும், மஞ்சள் பெருவிண்மீன்கள் பலவற்றின் திசைவேகம் நிலையாக இல்லை என்று அறிவித்தனர். அதுவரை திசைவேக அளவீட்டில் தரநிலை விண்மீன்களாகப் பயன்பட்டவற்றுள்ளும் இத்தகையன உண்டு. அளவுகோலே நெளிகிறது என்பது அன்று உவப்பான செய்தியாக இருந்திருக்க முடியாது.

1993இல் ஹாட்சஸும் காக்ரனும், டெக்சாஸ் மாநிலத்தின் மெக்டொனால்டு வானாய்வகத்தில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, ஆர்க்டுரஸ், ஆல்டெபரான், பொல்லக்ஸ் மூன்றிலும் நீண்ட காலவட்ட அசைவுகள் இருப்பதைக் காட்டினர். ஆர்க்டுரஸில் 233 நாள். ஆல்டெபரானில் 643 நாள். பொல்லக்ஸில் 550 நாளுக்கு மேல். அவர்கள் முன்வைத்த விளக்கங்கள் மூன்று: கோள், புள்ளிகளோடு கூடிய சுழற்சி, விண்மீனின் உடல் சீரற்ற வடிவில் துடிப்பது. மூன்றனுள் எதனையும் அவர்கள் உறுதிப்படுத்தவில்லை. எடுத்த மூன்று விண்மீனிலும் ஒரே வகை அசைவு இருப்பதே ஐயத்திற்கு இடந்தந்தது. எடுத்தவை எல்லாவற்றிலும் கோள் இருப்பதினும், பெருவிண்மீன்களுக்கே உரிய ஏதோ ஓர் இயல்பு வெளிப்படுவதே ஏற்புடையதன்றோ?

பொல்லக்ஸுக்கு விடை 2006இல் கிடைத்தது. ஹாட்சஸ் குழுவும், சபீனே ரெஃபர்ட் தலைமையிலான மற்றொரு குழுவும் தனித்தனியே ஒரே முடிவை எய்தின. ஏறத்தாழ 590 நாள் காலவட்டம் 25 ஆண்டுகளாக மாறவில்லை. கோளின் நிறை குறைந்தது வியாழனைப்போல் 2.3 மடங்கு. 34 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்விண்மீனின் கோளுக்கு 2015இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் தெஸ்டியாஸ் என்று பெயரிட்டது. ஆல்டெபரானின் விடை வேறுவிதமாகச் சென்றது, அது பின்னர்.

ஐயோட்டா டிராகோனிஸும் நீள்வட்டப் பாதையும்

ஐயத்திற்கு இடமின்றி முதலில் ஏற்கப்பட்ட பெருவிண்மீன் கோள் இம்மூன்றிலும் இல்லை. டிராகோ என்னும் வடவான் கூட்டத்தின் ஐயோட்டா விண்மீனில் கிடைத்தது. இதனைக் கண்ட திட்டத்தின் நோக்கமே கோள் தேடல் அன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா, விண்மீன்களின் இடத்தை மிக நுட்பமாக அளக்கும் குறுக்கீட்டுமானி ஒன்றை விண்ணுக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தது. அதற்கு அசையாத குறிப்பு விண்மீன்கள் வேண்டும். தொலைவிலிருந்தும் ஒளிமிக்கவையாகிய கே வகைப் பெருவிண்மீன்கள் தக்கவை எனக் கருதி, அவை உண்மையில் அசையாதவையா என்று சோதிக்க 1999இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஓர் அளவாய்வு தொடங்கியது. பயன்பட்டது 0.6 மீட்டர் துணைத் தொலைநோக்கி. விண்மீன்கள் ஒளிமிக்கவை ஆதலின் அச்சிறு கருவியே போதியதாயிற்று. குறுக்கீட்டுமானித் திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. அதற்குத் துணையாக எழுந்த அளவாய்வே நிலைத்தது.

2002இல் சபீனே ஃபிரிங்க் (பின்னர் ரெஃபர்ட்), ஆண்ட்ரியாஸ் குவிரென்பாக், டெப்ரா பிஷர், ஜெஃப்ரி மார்சி, பால் பட்லர் முதலியோர் ஐயோட்டா டிராகோனிஸின் கோளை அறிவித்தனர். முதற் கணக்கில் காலவட்டம் 536 நாள். பின்னர் 511 நாள் எனத் திருந்தியது. கோளின் நிறை குறைந்தது வியாழனைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு. எண்களைவிட இன்றியமையாதது பாதையின் வடிவம். அதன் மையவிலகல் 0.7, வட்டம் அன்று, மிக நீண்ட நீள்வட்டம். இத்தகைய பாதையில் செல்லும் கோள் பெரும்பகுதிக் காலம் மெல்ல ஊர்ந்து, விண்மீனை அணுகும்போது விரைந்து சுழன்று மீளும். திசைவேக வரைபடமும் நெடுங்காலம் தட்டையாக இருந்து, திடீரெனச் செங்குத்தாக எழுந்து வீழும். சுழலும் புள்ளிகளோ துடிப்போ இவ்வடிவைத் தருவது மிக அரிது. கெப்ளரின் விதி தன் கையொப்பத்தை இட்டிருந்தது எனலாம். இக்கோளுக்கு அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவின் பெயர் இன்று வழங்குகிறது.

ஆயின் எல்லாக் கோள்களும் நீள்வட்டத்தில் செல்வதில்லை. வட்டத்தை ஒட்டிய பாதையின் வரைபடம் எளிய அலையாகவே இருக்கும். அவ்வலையைப் புள்ளிகளும் தரும், துடிப்பும் தரும். ஐயோட்டா டிராகோனிஸ் தந்த உறுதி பிற விண்மீன்களுக்கு வாய்க்கவில்லை.

அளவாய்வுகளின் பெருக்கம்

2003 முதல் கண்டுபிடிப்புகள் பெருகின. தெற்கில், சிலி நாட்டின் லா சில்லாவிலிருந்து ஜானி செதியாவன் முதலியோர் எச்.டி. 47536 விண்மீனின் துணையை அறிவித்தனர். ஜப்பானின் ஒகயாமா வானாய்வகத்தில் 188 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு புன்னேய் சாட்டோ தலைமையிலானோர் எச்.டி. 104985இன் கோளைக் கண்டனர். ஜப்பானியர் கண்ட முதற் புறக்கோள் அது. 2007இல் அதே குழு எப்சிலான் டௌரி விண்மீனில் மற்றொன்றைக் கண்டது. இவ்விண்மீன் ஹயடீஸ் கொத்தைச் சேர்ந்தது. பழந்தமிழர் சகடமாகக் கண்ட ரோகிணிக் கூட்டத்தின் பகுதி. திறந்த விண்மீன் கொத்தொன்றில் கிடைத்த முதற் கோளும் இதுவே. போலந்து நாட்டு வானியலார் ஆண்ட்ரே நீட்ஸியெல்ஸ்கி, துடிவிண்மீனைச் சுற்றும் கோள்களை 1992இல் அறிவித்த அலெக்சாண்டர் வோல்ஷான் ஆகியோர் டெக்சாஸின் ஹாபி–எபர்லி தொலைநோக்கியில் தனி அளவாய்வை நடத்தினர்.

இவர்களை ஈர்த்தது ஓர் எளிய உண்மை. சூரியனைப்போல் இருமடங்கு நிறையுடைய விண்மீன் இளமையில் வெப்பம் மிக்கது, விரைந்து சுழல்வது. அதன் நிறமாலையில் கோடுகள் சில. அவையும் அகன்று மங்கியவை. அங்கே நுண்ணிய அசைவை அளத்தல் இயலாது. அதே விண்மீன் முதுமையில் குளிர்ந்து, சுழற்சி தளர்ந்ததும், கூரிய கோடுகள் ஆயிரக்கணக்கில் தோன்றும். இளமையில் மறைத்ததை முதுமையில் காட்டும் விண்மீன்கள் இவை. நிறைமிகு விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிய வேறு எளிய வழி இல்லை.

ஆனால் தனித்து நிற்கும் பெருவிண்மீனின் நிறையை எவ்வாறு அறிவது? வெவ்வேறு நிறையுடைய விண்மீன்கள் இப்பருவத்தில் ஏறக்குறைய ஒரே ஒளியும் ஒரே நிறமும் காட்டும். துணைப்பெருவிண்மீன்களை ஆராய்ந்த ஜான் ஜான்சன் குழுவினர் பலவற்றை நிறைமிக்கவை என மதிப்பிட்டனர். 2011இல் ஜேம்ஸ் லாயிட், அம்மதிப்பீடுகள் மிகையானவை, அப்பருவத்தை விரைந்து கடக்கும் நிறைமிகு விண்மீன்கள் அத்தனை அகப்பட வாய்ப்பில்லை என்று மறுத்தார். இருதரப்பும் சில ஆண்டுகள் வாதிட்டன. விண்மீனின் அதிர்வுகளைக் கொண்டு நிறையைக் கணிக்கும் விண்மீன் அதிர்வியலே இதற்கு ஒரு தீர்வு தந்தது. டென்னிஸ் ஸ்டெல்லோ முதலியோரின் 2017 ஆய்வின்படி, நிறைமிக்கனவாகக் கருதப்பட்டவற்றின் மதிப்பீடு 15 முதல் 20 விழுக்காடு வரை மிகையாக இருந்தது. லாயிட் கூறிய அளவுக்கு இல்லை. ஜான்சன் கூறிய அளவுக்கும் இல்லை.

2022இல் லிக் உள்ளிட்ட மூன்று அளவாய்வுகளின் 482 பெருவிண்மீன்களை ஒருங்கே ஆராய்ந்தபோது, சூரியனைப்போல் 1.7 மடங்கு நிறையை ஒட்டிய விண்மீன்களிடமே பெருங்கோள்கள் மிகுதி என்பதும், அதற்கு மேல் விரைந்து குறைகின்றன என்பதும் தெரிந்தன.

காமா டிராகோனிஸ்: கோளைப் போல் நடித்த விண்மீன்

1725இல் சாமுவேல் மோலினோவும் ஜேம்ஸ் பிராட்லியும் லண்டனை அடுத்த கியூவில் நெடிய தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, காமா டிராகோனிஸ் விண்மீனின் இடப்பெயர்ச்சியை அளந்தனர். தேடியது விண்மீனின் தொலைவு. பிராட்லிக்குக் கிடைத்தது ஒளியின் பிறழ்ச்சி. மூன்று நூற்றாண்டுகள் கடந்து அதே விண்மீன் மீண்டும் ஒன்றைத் தேடியோர்க்கு வேறொன்றைத் தந்தது.

2003 முதல் 2011 வரை அதன் திசைவேகம் 702 நாள் காலவட்டத்தில் ஒழுங்காக ஏறி இறங்கியது. வியாழனைப்போல் 10.7 மடங்கு நிறையுடைய கோள் எனக் கணக்கிடலாம். பெருவிண்மீன்களுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறியது: ஒளியளவில் அக்காலவட்டம் இல்லை, கால்சியக் கோட்டில் இல்லை, நிறமாலைக் கோடுகளின் வடிவிலும் இல்லை. பல ஆய்வேடுகள் இதனினும் குறைந்த சான்றோடு கோள்களை அறிவித்திருந்தன. 2011க்குப் பின் அசைவு நின்றது. 2011 முதல் 2013 வரை ஏறத்தாழ ஏதுமில்லை. 2014இல் அது மீண்டது, ஆனால் அலையின் முகடுகள் இடம் பெயர்ந்திருந்தன. கோள் விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. 2018இல் ஹாட்சஸ் குழுவினர் இதனை விண்மீனின் உள்ளியக்கம் என்றே அறிவித்தனர். ஹிதேயுகி சாயோ முதலியோர் 2015இல் கோட்பாட்டளவில் முன்வைத்த வெப்பச்சலன அலைவுகள் காரணமாகலாம் என்ற கருத்தும் உண்டு.

இங்கே கருதத்தக்கது: இம்முடிவை வெளியிட்டவரே, 1993 முதல் இத்துறையில் கோள்களைத் தேடிக்கொண்டிருந்தவர், 2015இல் ஆல்டெபரானுக்கு 629 நாள் காலவட்டத்தில் கோள் உண்டு என எழுதியவரும் அவரே. காமா டிராகோனிஸின் நிழல் அதன்மேலும் விழுந்தது. 2019இல் லிக் அளவீடுகளைச் சேர்த்து ஆராய்ந்த கட்யா ரைச்சர்ட் முதலியோர், ஆல்டெபரானின் அலையும் காலத்தோடு பொருந்தவில்லை எனக் காட்டினர். லோவிஸ், மேயோர் இருவரும் 2007இல் விண்மீன் கொத்துகளிலுள்ள பெருவிண்மீன்களில் அறிவித்த துணைகளும் 2018இல் ஐயத்திற்குள்ளாயின. பொல்லக்ஸும் தப்பவில்லை. அதில் ஒரு காஸுக்கும் குறைந்த மெல்லிய காந்தப்புலம் 2009இல் கண்டறியப்பட, கோள் உண்மையா என்ற வினா 2014இல் வெளிப்படையாகவே எழுந்தது. பத்தாண்டு அளவீட்டின்பின் 2021இல் காந்தப்புலத்தின் காலவட்டம் ஏறத்தாழ 660 நாள் எனத் தெரிந்தது. 590 நாளினின்று அது வேறுபடுதலின், கோளுக்கு இடம் எஞ்சியிருக்கிறது.

வேறுவகைப் பிழைக்கும் ஒரு சான்று உண்டு. 2010இல், வேற்றுப் பால்வீதியிலிருந்து வந்து நம் பால்வீதியோடு கலந்த எச்.ஐ.பி. 13044 என்னும் விண்மீனுக்குக் கோள் உண்டென அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் செய்தியாயிற்று. 2014இல் அதே தரவுகளை மீண்டும் பகுத்தபோது, புவியின் சொந்த இயக்கத்தைக் கழிக்கும் கணக்கில் பிழை இருந்தது புலப்பட்டது. பிழையைத் திருத்தியதும் கோள் மறைந்தது. மறுப்பு முதற் செய்தியளவு பரவவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

விழுங்கப்பட்டவையும் எஞ்சியவையும்

பெருவிண்மீன்களுக்கு மிக அருகில் கோள்கள் அரியன என்பது தொடக்கம் முதலே கவனிக்கப்பட்டது. விண்மீன் பருக்கையில் அவை விழுங்கப்பட்டிருக்கலாம். நிறைமிகு விண்மீன்களின் அருகே அவை தோன்றாமலேயே இருந்திருக்கலாம். கெப்ளர் விண்கலம் அருகிலுள்ள சிலவற்றைக் கடப்பு முறையால் காட்டியது. சூரியன்முன் வியாழன் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். பத்துமடங்கு பருத்த விண்மீனில் அது பதினாயிரத்தில் ஒரு பங்கே. அவ்வளவிலும் கெப்ளர்-91இன் கோள், 6.25 நாளில் தன் விண்மீனைச் சுற்றுவது அகப்பட்டது. விழுங்கப்படுவதற்குச் சற்று முந்திய நிலை அது.

2023இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறொரு புதிரை எழுப்பியது. கொரிய வானியலார் 2015இல் கண்ட 8 உர்சே மைனோரிஸ் விண்மீனின் கோள் 93 நாளில் சுற்றுகிறது. அவ்விண்மீன் கருவகத்தில் ஹீலியத்தை எரிப்பது என்பதை அதன் அதிர்வுகள் காட்டின. அப்படியாயின் அது முன்பே கோளின் பாதையையும் கடந்து பருத்துப் பின்னர் சுருங்கியிருக்க வேண்டும். கோள் எவ்வாறு எஞ்சியது? இரு விண்மீன்கள் ஒன்றாயினமையால் பருத்தல் தடைப்பட்டிருக்கலாம் அல்லது அக்கலப்பின் எச்சத்திலிருந்து கோள் புதிதாய்த் தோன்றியிருக்கலாம் என்பன முன்வைக்கப்பட்ட விளக்கங்கள்.

அதே ஆண்டில் கிஷலே டே முதலியோர், கழுகு விண்மீன் கூட்டத் திசையில் 2020இல் சிலநாள் ஒளிர்ந்து மங்கிய ஒரு மூலத்தை, பருத்துவந்த விண்மீன் தன் கோளை விழுங்கிய நிகழ்வாக அறிவித்தனர். கோள் விழுங்கப்படுவதை நேரிற் கண்ட முதல் நிகழ்வாக அது போற்றப்பட்டது. 2025இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அகச்சிவப்பு அளவீடுகள் வெளியாயின. பருத்த விண்மீனுக்கு இருக்கவேண்டிய ஒளி அங்கு இல்லை. விண்மீன் விரிந்து கோளைத் தொடவில்லை. கோளே பாதை சுருங்கிச் சுருங்கி விண்மீனுள் வீழ்ந்தது என்று நிகழ்வின் வாசிப்பு மாறிற்று.